லூசியா என்று பெயர் வைக்கலாமா?

வாசகி கேள்வி: டிசம்பர் நடுவில் எங்களுக்கு முதல் குழந்தை பிறக்கவிருக்கிறது. பெண்ணாக இருந்தால் லூசியா என்று பெயர் சூட்ட ஆசைப்படுகிறேன். என்னை வளர்த்து ஆளாக்கிய பாட்டியின் பெயர் லூசி. ஆனால் என் கணவரின் பெரியம்மா, “லூசியாவும் லூசிபரும் ஒரே வேரிலிருந்து வந்த பெயர்கள். பச்சைக் குழந்தைக்கு அந்தச் சாயல் எதற்கு?” என்று தடுக்கிறார். என் தோழி இந்தப் பெயருக்கு அதிர்ஷ்டம் என்று பொருள் சொல்கிறாள். ஓர் இணையதளத்தில் ‘விடியலில் பிறந்தவள்’ என்று இருக்கிறது. எது சரி? இது பாட்டி காலத்துப் பெயரா, இன்றும் வைக்கிறார்களா? எப்படி உச்சரிப்பது, எப்படி எழுதுவது? பள்ளியில் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களோ என்ற பயமும் இருக்கிறது. ஆண் குழந்தையாக இருந்தால் இதே வேரில் பெயர் உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாக வையுங்கள். லத்தீன் மொழியைக் கற்பிப்பதும் ஆட்பெயர்களின் வரலாற்றை ஆராய்வதும் என் தொழில். இந்தப் பெயரில் அஞ்சுவதற்கு எதுவுமில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட விரும்பினேன். பிள்ளைப்பேறு நெருங்கும் நேரத்தில் நீங்கள் மனக்கலக்கத்தோடு கடைசிப் பத்தி வரை காத்திருக்கக் கூடாது.

பெரியம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது. இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றுதான். ஆனால் அந்த வேர் எது, அதிலிருந்து இரண்டும் எப்படி வளர்ந்தன என்று தெரிந்துகொண்டால் அச்சம் தானாக விலகிவிடும்.

லத்தீனில் ஒளிக்கு ‘லூக்ஸ்’ என்று பெயர். வேற்றுமை ஏற்கும்போது அது ‘லூக்’ என்ற அடியாக நிற்கும். அந்த அடியிலிருந்து பிறந்தது லூசியுஸ் என்ற ஆண்பெயர். பழைய ரோமானியர் அதை லூக்கியுஸ் என்று உச்சரித்தார்கள். அதன் பெண்பால்தான் லூசியா. ரோமானிய ஆண்களுக்குச் சூட்டப்பட்ட முதற்பெயர்கள் மிகக் குறைவு. குடியரசின் பிற்காலத்தில் பரவலாக வழங்கியவை இருபதைத் தாண்டாது. அவற்றில் லூசியுஸ் முன்வரிசையில் நின்ற பெயர். கல்வெட்டுகளில் அதை முழுதாக வெட்டும் வழக்கமே இல்லை. ‘எல்’ என்ற ஒற்றை எழுத்தைப் போட்டால் எல்லாருக்கும் புரிந்துவிடும். ரோமில் மன்னராட்சியை ஒழித்துக் குடியரசை நிறுவியவராக மரபு சொல்லும் புரூட்டஸ், சர்வாதிகாரி சுல்லா, தத்துவ அறிஞர் செனேக்கா ஆகிய மூவருக்கும் முதற்பெயர் லூசியுஸ்தான்.

நீங்கள் இணையத்தில் பார்த்த ‘விடியலில் பிறந்தவள்’ என்ற விளக்கத்துக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமை உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வர்ரோ என்ற ரோமானிய அறிஞர், பொழுது புலரும் வேளையில் பிறந்தவனுக்கு லூசியுஸ் என்று பெயரிட்டார்கள் என எழுதியிருக்கிறார். தொடக்க காலத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்திருக்கலாம். ஆனால் வர்ரோவின் காலத்திலேயே தகப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் பிள்ளைக்கு வைப்பதுதான் நடைமுறை. பிறந்த நேரத்தை யாரும் பார்க்கவில்லை. ஆகவே விடியல் என்பது அந்தப் பெயருக்குப் பழையவர்கள் சொன்ன காரணம். சொல்லின் நேர்ப்பொருள் ஒளி, அவ்வளவுதான். உங்கள் மகள் நள்ளிரவில் பிறந்தாலும் பெயர் பொருந்தும்.

தோழி சொன்ன அதிர்ஷ்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதிர்ஷ்டத்தைக் குறிக்கும் ‘லக்’ என்ற ஆங்கிலச் சொல் ஜெர்மானிய மொழிக் கூட்டத்தைச் சேர்ந்தது. காதில் ஒன்றுபோல் விழுவதால் மட்டும் சொற்கள் உறவாகிவிடுவதில்லை. பெயருக்குப் பொருள் சொல்லும் இணையதளங்களில் பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுகின்றன. ஒரு தளத்தில் நுழைந்த பிழை நூறு தளங்களில் பரவி, எங்கும் இருப்பதாலேயே உண்மைபோல் தோன்றத் தொடங்கிவிடுகிறது. அங்கே படித்ததை வைத்துக் குழந்தையின் பெயரை முடிவு செய்யும் பெற்றோரை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

உண்மையான உறவு ஒன்றைச் சொல்கிறேன். லத்தீனும் சமஸ்கிருதமும் ஒரே மூலமொழியின் கிளைகள். லத்தீனில் ‘ல’ நிற்கும் சில இடங்களில் சமஸ்கிருதத்தில் ‘ர’ நிற்கும். லூக்ஸ் என்ற சொல்லுக்கு அங்கே இணையாக நிற்பது, ஒளிர்தல் என்று பொருள்படும் ‘ருச்’ என்ற வேர். அதிலிருந்து வந்த ‘ருக்மம்’ பளபளக்கும் பொன்னைக் குறிக்கும். அந்த ருக்மத்திலிருந்து வந்ததுதான் ருக்மணி. லூசியாவும் ருக்மணியும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன சகோதரிகள். மொழிகளின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இப்படி ஓர் இணையைக் காணும்போது ஏற்படும் மகிழ்ச்சிக்கு ஈடே கிடையாது.

உங்கள் நிலையில் இருப்பவருக்கு இன்னொன்றும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ரோமானியர் பிள்ளைப்பேற்றுக்குத் துணை நிற்கும் தெய்வத்தை ஜூனோ லூசினா என்று அழைத்தார்கள். குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டுவருபவள் என்பது அவர்களே சொன்ன விளக்கம். ரோமின் எஸ்குவிலின் குன்றில் கி.மு. 375-இல் அவளுக்குக் கோயில் எழுந்தது. மார்ச் முதல் தேதி தாய்மார்களின் திருநாளாகக் கொண்டாடப்பட்டது. பிறப்பதையே ஒளிக்கு வருதல் என்று பார்த்த மக்கள் அவர்கள். அந்த மொழியில் இந்த வேர் தாய்மைக்கும் நெருக்கமானது.

இனி லூசிபர்.

இதுவும் லத்தீன் சொல்தான். லூக்ஸோடு, சுமத்தல் என்று பொருள் தரும் வினைச்சொல் சேர்ந்தால் லூசிபர்; ஒளியைச் சுமந்து வருவது. ரோமானியர் இந்தச் சொல்லால் குறித்தது வானத்து விடிவெள்ளியை. சூரியன் எழுமுன் கிழக்கே தெரியும் வெள்ளிக் கோளுக்கு அதுதான் அன்றாடப் பெயர். பேய்க்கும் அதற்கும் அன்று சம்பந்தமே இல்லை.

பிறகு எப்படிச் சாத்தானின் பெயரானது? ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் 14ஆம் அதிகாரத்தில் பாபிலோன் மன்னனைப் பற்றிய ஒரு பாடல் வருகிறது. ஆணவத்தால் வானளாவ உயர்ந்து, ஒரே நாளில் கீழே விழுந்தவனை நோக்கி, வானத்திலிருந்து விழுந்த விடிவெள்ளியே என்று அந்தப் பாடல் விளிக்கிறது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வேதாகமத்தை லத்தீனில் பெயர்க்கத் தொடங்கிய புனித ஜெரோம், எபிரேய மூலத்தில் இருந்த விடிவெள்ளிக்கு இயல்பாகவே லூசிபர் என்று போட்டார். சாத்தான் மின்னலைப்போல் வானத்திலிருந்து விழக் கண்டதாக லூக்கா நற்செய்தியில் இயேசு சொல்லும் வசனத்தோடு இதைச் சேர்த்து வாசித்த திருச்சபைத் தந்தையர், ஏசாயாவின் பாடல் சாத்தானின் வீழ்ச்சியையும் குறிக்கிறது என்று விளக்கினார்கள். அந்த விளக்கம் நிலைத்தது. நட்சத்திரத்தின் பெயர் நாளடைவில் சாத்தானின் தனிப்பெயராகவே ஆகிவிட்டது. 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமமும் அந்த இடத்தில் லூசிபர் என்ற லத்தீன் சொல்லை அப்படியே விட்டுவைத்தது. மொழிபெயர்க்காமல் விட்டதால், வாசித்தவர்களுக்கு அது யாரோ ஒருவருடைய பெயராகவே பட்டது.

உங்கள் கணவர் வீட்டில் பழைய தமிழ் வேதாகமம் இருந்தால் பெரியம்மாவோடு உட்கார்ந்து ஏசாயா 14:12-ஐத் திறந்து பாருங்கள். லூசிபர் என்ற சொல் அங்கே இருக்காது. ‘அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே’ என்றுதான் இருக்கும். அப்படியே புதிய ஏற்பாட்டில் பேதுருவின் இரண்டாம் நிருபத்துக்கு வாருங்கள். முதல் அதிகாரம் 19ஆம் வசனத்தில், விசுவாசிகளின் இருதயங்களில் விடிவெள்ளி உதிக்கும் என்று சொல்லியிருக்கிறது. ஜெரோமின் பெயரால் வழங்கும் லத்தீன் வேதாகமத்தில் அந்த இடத்திலும் இதே லூசிபர்தான்! வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இயேசு தம்மையே பிரகாசமுள்ள விடிவெள்ளி நட்சத்திரம் என்கிறார். கத்தோலிக்கர் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின இரவில் பாடும் பாஸ்கா புகழுரையின் லத்தீன் மூலத்திலும், என்றும் அஸ்தமிக்காத லூசிபர் என்று கிறிஸ்துவையே பாடுகிறார்கள். சாத்தானைப் பற்றிய நினைப்பே அங்கு இல்லை.

இன்னும் உறுதி வேண்டுமானால், அதே நான்காம் நூற்றாண்டில் சர்தீனியத் தீவின் காலியாரி நகரில் லூசிபர் என்ற பெயரிலேயே ஓர் ஆயர் இருந்தார். கிறிஸ்து தந்தையாகிய கடவுளுக்கு இணையானவர் அல்லர் என்ற ஆரியுஸின் கொள்கையை விட்டுக்கொடுக்காமல் எதிர்த்தவர், அதற்காக நாடுகடத்தப்பட்டவர். இன்றும் அந்த நகரில் அவர் பெயரில் ஒரு கோயில் இருக்கிறது. அவரைப் பின்பற்றியவர்களை எதிர்த்து ஜெரோமே ஒரு நூல் எழுதினார். ஜெரோம் கருத்து மாறுபட்டது அவர்களுடைய கொள்கையோடுதான், அந்தப் பெயரோடு அல்ல. கிறிஸ்தவப் பெற்றோர் பிள்ளைக்கு லூசிபர் என்று பெயரிடக் கூசாத காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பெரியம்மாவிடம் இதையெல்லாம் வாதமாக எடுத்து வைக்காதீர்கள். பிறக்கப்போகும் குழந்தை மீதுள்ள அக்கறையில்தான் அவர் கேட்டிருக்கிறார். அந்த அக்கறைக்கு மரியாதை கொடுத்து, வசனங்களை அவர் கையாலேயே புரட்ட விடுங்கள்.

லூசியா என்ற பெயரை உலகம் அறியச் செய்தவர் சிசிலியின் சிராக்கூஸ் நகரைச் சேர்ந்த ஓர் இளம்பெண். ரோமானியப் பெண்களுக்குப் பெரும்பாலும் குடிப்பெயரின் பெண்பால் வடிவமே பெயராக இருந்தது. ஜூலியுஸ் குடியில் பிறந்தால் ஜூலியா, கொர்னேலியுஸ் குடியில் பிறந்தால் கொர்னேலியா. லூசியா அன்று பெரிதாக வழங்கவில்லை. பேரரசர் டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், 304-இல், சிராக்கூஸில் லூசியா விசுவாசத்துக்காக உயிர்கொடுத்து மறைசாட்சியானார் என்பது மரபு. அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் ஏடுகள் பிற்காலத்தவை. அவற்றில் புனைவும் கலந்திருக்கிறது. ஆனால் அவரை மக்கள் போற்றினார்கள் என்பதற்குக் கல்லில் சான்று உண்டு. சிராக்கூஸின் நிலத்தடிக் கல்லறைகளில் 1894-இல் ஒரு கிரேக்கக் கல்வெட்டு கிடைத்தது. யூஸ்கியா என்ற பெண்ணை அடக்கம் செய்தபோது அவளுடைய கணவன் வைத்த கல் அது. அவள் இறந்தது ‘என் தலைவி லூசியாவின் திருநாளில்’ என்று அதில் வெட்டியிருக்கிறது. மறைசாட்சி இறந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குள் சாதாரண மனிதர்கள் அவருடைய திருநாளை வைத்து நாளைக் குறித்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் பெயர் ‘க’ ஓசையோடு, லூக்கியா என்று கிரேக்க எழுத்தில் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உச்சரிப்புக்கு வரும்போது உதவும்.

ரோமைத் திருப்பலியின் பழைய நற்கருணை மன்றாட்டில் ஆகத்தா, ஆக்னஸ், செசிலியா ஆகியோருடன் லூசியாவின் பெயரும் சொல்லப்படுகிறது. பலநூறு ஆண்டுகள் நாள்தோறும் பலிபீடத்தில் ஒலித்த பெயர் மேற்கு ஐரோப்பாவின் ஒவ்வொரு ஊருக்கும் போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை. இங்கிலாந்தில் லூசி, பிரான்சில் லூசி, லூஸ், போர்ச்சுகலில் லூசியா, ஆங்கில ‘இசட்’ ஓசையோடு லூஸியா, குரோவேசியாவில் லூட்ஸியா என்று அது வடிவம் மாறிக்கொண்டே போனது.

அவரைக் கண்நோயாளிகளின் பாதுகாவலியாக மக்கள் வேண்டிக்கொள்வதற்கும் இந்தப் பெயர்தான் காரணம். ஒளி என்ற பொருள் கண்ணை நினைவூட்டியது. கண்களை இழந்த கதை அதன்பிறகு வந்து சேர்ந்தது. மிகப் பழைய ஏடுகளில் அந்தக் கதை இல்லை. இத்தாலிய ஓவியர் பிரான்செஸ்கோ தெல் கோசா 1470களில் வரைந்த லூசியாவின் ஓவியம் ஒன்று வாஷிங்டனில் உள்ள தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. பொன்னிறப் பின்னணி. ஒரு கையில் மறைசாட்சிக்குரிய குருத்தோலை. மறு கையின் விரல்களுக்கிடையே மெல்லிய காம்பு ஒன்று; அதன் நுனியில் பூ மலர வேண்டிய இடத்தில் இரண்டு கண்கள் திறந்திருக்கின்றன. கொடூரத்தை எவ்வளவு மென்மையாக்கி வரைந்திருக்கிறார் என்று பார்க்கப் பார்க்க வியப்பாக இருக்கும். வாய்ப்பிருந்தால் அதன் படத்தைத் தேடிப் பாருங்கள்.

வெனிஸ் நகரின் முக்கிய ரயில் நிலையத்துக்கும் சாந்தா லூசியா என்றுதான் பெயர். அந்த இடத்தில் லூசியாவின் கோயில் இருந்தது. நிலையம் கட்டுவதற்காக 1860களின் தொடக்கத்தில் அதை இடித்தார்கள்; அவருடைய உடல் அருகிலுள்ள சான் ஜெரேமியா கோயிலுக்கு மாற்றப்பட்டது. கோயில் போன பின்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

உங்கள் பிரசவ நாள் டிசம்பர் நடுவில் என்று எழுதியிருந்தீர்கள். லூசியாவின் திருநாள் டிசம்பர் 13. இது ஏன் ஒளியின் நாளாகவும் ஆனது என்பதற்கு நாட்காட்டியில் காரணம் இருக்கிறது. பழைய ஜூலியன் நாட்காட்டி சூரியனின் ஓட்டத்தோடு முழுதாகப் பொருந்தாமல், நூற்றாண்டுக்கு முக்கால் நாள் வீதம் விலகிக்கொண்டே வந்தது. அதனால் 14ஆம் நூற்றாண்டு வாக்கில், வட உலகின் மிக நீண்ட இரவு டிசம்பர் 13-ஐ ஒட்டி வந்தது. 1582-இல் போப் கிரகோரி நாட்காட்டியைத் திருத்திய பிறகு அது 21ஆம் தேதியை ஒட்டி நகர்ந்தது. ஆனால் மக்கள் மனதில் நீண்ட இரவும் லூசியாவின் பெயரும் ஒட்டிக்கொண்டன. 1753 வரை பழைய நாட்காட்டியையே வைத்திருந்த ஸ்வீடனில் அந்த ஒட்டுதல் இன்னும் வலுவானது. அங்கே டிசம்பர் 13 விடியுமுன் வெள்ளை அங்கி அணிந்த பெண் ஒருத்தி தலையில் மெழுகுவர்த்திகள் எரியும் கிரீடத்தோடு பாடிக்கொண்டு முன்னே வர, மற்றவர்கள் கையில் விளக்கோடு பின்னே வருவார்கள். 1927-இல் ஸ்டாக்ஹோமில் ஒரு செய்தித்தாள் நடத்திய லூசியா தேர்வுக்குப் பின் இந்த ஊர்வலம் நாடெங்கும் பரவியது. லூத்தரன் சபையினர் பெரும்பான்மையாக உள்ள நாட்டில், ஒரு கத்தோலிக்கப் புனிதை இவ்வளவு பிரியத்துக்கு உரியவராக இருப்பது அரிது.

கரீபியக் கடலில் செயின்ட் லூசியா என்று ஒரு நாடே இருக்கிறது. 1979-இல் விடுதலை பெற்றது. டிசம்பர் 13 அங்கே தேசிய நாள்.

பாட்டி காலத்துப் பெயரா என்று கேட்டீர்கள். ஆம், அதனால்தான் இது மீண்டும் புதிதாகவும் ஒலிக்கிறது. பெயர்களின் ஏற்ற இறக்கத்தைக் கவனிப்பவர்கள் எல்லாரும் காணும் ஒன்று உண்டு: தாய் தலைமுறையின் பெயர்கள் பிள்ளைகளுக்குச் சலித்துப்போயிருக்கும், பாட்டி தலைமுறையின் பெயர்கள் இனிக்கும். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதல் நூறு பெயர்களுக்குள் இருந்த லூசி, 1970களில் வெகுவாகக் கீழே இறங்கியது. 2000க்குப் பிறகு மறுபடி ஏறி முதல் நூற்றுக்குள் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 2000களின் நடுவில் பெண் குழந்தைப் பெயர்களின் முதல் பத்தில் லூசி இருந்தது. ஸ்பெயினில்தான் இதன் செல்வாக்கு உச்சத்தில் இருக்கிறது: இந்த நூற்றாண்டில் பல ஆண்டுகள் பெண் குழந்தைகளுக்குச் சூட்டிய பெயர்களில் லூசியாவே முதலிடம். ஆக, உங்கள் மகள் உலகின் எந்த மூலைக்குப் போனாலும் அவள் பெயரை முன்பே கேட்டிருப்பவர்கள் இருப்பார்கள். அதே சமயம், தமிழ் பேசும் வகுப்பறையில் ஒரே வரிசையில் மூன்று லூசியாக்கள் உட்கார்ந்திருக்கும் நிலையும் வராது. பெயர் வைப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்பது என் கருத்து.

உங்கள் பாட்டியின் லூசி என்ற வடிவத்துக்குத் தனிப் பெருமையும் உண்டு. 1974 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹதார் பகுதியில் டொனால்ட் ஜோஹான்சனின் குழு, ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டுப் பழமையான எலும்புக்கூட்டின் பகுதிகளைக் கண்டெடுத்தது. நிமிர்ந்து நடந்த நம் மூதாதை இனத்தைச் சேர்ந்தது அது. அன்றிரவு முகாமில் திரும்பத் திரும்ப ஒலித்த பீட்டில்ஸ் பாடலிலிருந்து அதற்கு லூசி என்று பெயர் வந்தது. அந்தப் பெயரையே நாசா 2021 அக்டோபரில் அனுப்பிய ஒரு விண்கலத்துக்கும் சூட்டியது. வியாழனின் பாதையில் சுற்றும் சிறுகோள்களை ஆராய அது போய்க்கொண்டிருக்கிறது.

உச்சரிப்புக்கு வருவோம். பழைய லத்தீனில் இது லூக்கியா; சிராக்கூஸ் கல்லில் பார்த்த அதே ‘க’ ஓசை. ‘இ’, ‘எ’ ஓசைகளுக்கு முன் நின்ற ‘க’ பிற்காலத்தில் மென்மையாகி, ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாக ஆனது. இத்தாலியர் லுச்சீயா என்பார்கள். தென் அமெரிக்காவின் ஸ்பானிஷ் மொழியில் லுசீயா. ஜெர்மானியர் வாயில் லூட்ஸியா. ஆங்கிலேயரில் லூசியா என்பவரும் உண்டு, லூஷா என்பவரும் உண்டு. எதுவும் தவறில்லை. பெயருக்கு உரியவள் எதைச் சொல்கிறாளோ அதுவே சரி.

கேலியைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாலும் அது நியாயமான கவலைதான். ‘லூசு’ என்று பிள்ளைகள் இழுத்துச் சொல்ல வாய்ப்பிருக்கிறது. அது ஆங்கிலத்தில் தளர்ந்தது என்று பொருள்படும் சொல்லிலிருந்து பேச்சுத் தமிழில் நுழைந்தது. லூக்ஸோடு அதற்கு எந்த ஒட்டும் இல்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் சொற்பிறப்பைச் சொல்லிக் கேலியை நிறுத்த முடியாது. ஓசையை மாற்றினால் நிறுத்தலாம். இத்தாலியரும் ஸ்பானியரும் செய்வதுபோல் முதல் எழுத்தைக் குறிலாக்கி, நடு எழுத்தை நீட்டி லுசீயா என்று கூப்பிடுங்கள். ‘லூசு’ என்ற ஓசைக்கே அங்கு இடமில்லை. வீட்டில் முதல் நாளிலிருந்தே எல்லாரும் அப்படியே அழைத்தால், உறவினர்களும் ஆசிரியர்களும் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். செல்லப்பெயர் வேண்டுமென்றால் லியா என்று சுருக்குங்கள். லூசி என்று சுருக்குவதை அவள் வளர்ந்து, தானே விரும்பும்வரை தள்ளிப்போடலாம்.

தமிழில் எழுதும்போது லுசியா, லூசியா இரண்டில் எதையும் எடுத்துக்கொள்ளலாம்; பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், பள்ளிப் பதிவு எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஓர் எழுத்து மாறினால் பிற்காலத்தில் பிள்ளைக்குத்தான் அலைச்சல். ஆங்கில எழுத்தில் எழுதும்போது நடுவில் ‘எஸ்’ போடாமல் ‘சி’ என்ற எழுத்தையே போடுங்கள். சிலர் உச்சரிப்புக்கு எளிது என்று ‘எஸ்’ போடுகிறார்கள். சிலர் எண்கணிதத்துக்காக ஓர் எழுத்தைக் கூட்டுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய லத்தீனில் ‘க’ என்று ஒலித்து, பின்னால் ‘ச’ ஆகவும் ‘ச்ச’ ஆகவும் மாறிய அந்த ஒலியை எல்லா நூற்றாண்டுகளிலும் சுமந்து வந்தது அந்த ஒரே எழுத்துதான். அதை எடுத்துவிட்டால் பெயர் தன் குடும்பத்திலிருந்து பிரிந்துவிடும்.

ஆண் குழந்தை பிறந்தால் லூசியன் என்ற பெயரைப் பரிந்துரைக்கிறேன். லூசியுஸ் என்பதிலிருந்து வந்த லூசியானுஸ் என்பதன் சுருங்கிய வடிவம் அது. 312-இல் இறந்த அந்தியோக்கியா நகரின் மறைசாட்சி லூசியன் வேதாகமத்தின் கிரேக்கப் பாடத்தை ஆராய்ந்து செம்மைப்படுத்தியவர் என்று அறியப்படுபவர். பெரியம்மாவுக்கும் மனநிறைவாக இருக்கும். லூசியுஸ் என்ற பெயரில் மூன்று போப்பாண்டவர்கள் இருந்திருக்கிறார்கள் என்றாலும், இன்று அது சற்றுக் கனமாக ஒலிக்கிறது. லூக்காஸ், லூக்கா ஆகியவற்றையும் ஒளி என்ற பொருளில் பல தளங்கள் பட்டியலிட்டிருக்கும். அவை கிரேக்க வழி வந்தவை. தென் இத்தாலியின் லூக்கானியா பகுதியோடு அவற்றை இணைத்துச் சொல்வதே வழக்கம். நற்செய்தியாளரை நினைத்து வைப்பதாக இருந்தால் நல்ல பெயர்கள்தான்; பாட்டியின் பெயரைத் தொடர வேண்டும் என்று நினைத்தால் லூசியன்தான் பொருத்தம். அதையும் ஆங்கிலத்தில் ‘சி’ போட்டே எழுதுங்கள்.